விற்ற பின்னும் தொடரும் பிடி: படக்கருவிகளின் உரிமை மாற்றக் கட்டணம் - ஒரு வரலாறு

தொழில்முறை ஒளிப்படக் கலைஞரோ ஒளிப்பதிவாளரோ தம் கேமராவை இன்னொருவருக்கு விற்கும்போது, கருவியைச் செய்த நிறுவனம் அந்தக் கைமாற்றத்தைப் பதிவு செய்வதற்காகக் கேட்கும் தொகை உரிமை மாற்றக் கட்டணம் எனப்படும். விலை மிகுந்த எண்ணிமக் கேமராக்கள் வந்த பிறகு இத்தகைய கட்டணம் பலரின் கவனத்துக்கு வந்தது. ஆனால் விற்ற பொருளின் மீது பிடியைத் தக்கவைத்துக்கொள்ள உற்பத்தியாளர்கள் செய்த முயற்சி ஒளிப்படக் கலையின் வயதுக்கு ஏறக்குறைய ஒத்தது. காப்புரிமை, குத்தகை, உதிரிபாகம், மென்பொருள் என்று அந்த முயற்சி வடிவம் மாறி வந்த கதையையும், நீதிமன்றங்கள் அதற்கு இட்ட எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கட்டணம் எப்படிச் செயல்படுகிறது?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவர் அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், பரிசாகக் கொடுக்கலாம். இது பொது விதி. கேமராவும் இதற்கு விலக்கு அன்று. பிறகு எப்படி ஓர் உற்பத்தியாளர் இரண்டாம் உரிமையாளரிடம் பணம் கேட்க முடிகிறது?

பதில் கருவியில் இல்லை. கருவியைச் சுற்றியுள்ளவற்றில் இருக்கிறது. தொழில்முறைக் கேமராவுக்கு உத்தரவாதம் உண்டு. அதனுள் இயங்கும் மென்பொருளுக்கு அவ்வப்போது புதுப்பிப்பு வரும். பழுதானால் நிறுவனத்தின் பணிமனைதான் அதைச் சரிசெய்யும். படப்பிடிப்பின் நடுவே கருவி நின்றுபோனால் மாற்றுக் கருவி தரும் ஏற்பாடும் சில நிறுவனங்களிடம் உண்டு. இவையெல்லாம் கருவியின் வரிசை எண்ணையும், அந்த எண்ணுக்கு எதிரே பதிவான உரிமையாளரின் பெயரையும் வைத்தே வழங்கப்படுகின்றன. கேமரா கைமாறினாலும் பெயர் மாறாவிட்டால் இச்சேவைகள் புதியவருக்குக் கிடைக்காமல் போகலாம். பெயரை மாற்றுவதற்கான விலையே உரிமை மாற்றக் கட்டணம்.

எல்லா நிறுவனங்களும் இதை வசூலிப்பதில்லை. வசூலிப்பவையும் பதிவுக் கட்டணம், பரிசோதனைக் கட்டணம், உத்தரவாத மாற்றக் கட்டணம் எனப் பல பெயர்களில் வசூலிக்கின்றன. பெயர் எதுவானாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றே: முழு விலையையும் பெற்றுக்கொண்டு விற்ற பொருளுக்காக, அதைச் செய்தவர் மறுபடியும் பணம் கேட்கலாமா?

தொடக்கக் காலம்: கருவிக்கு அல்ல, கலைக்கே கட்டணம்

1839 ஆகஸ்ட் 19 அன்று லூயி டாகெரின் ஒளிப்பட முறையைப் பிரெஞ்சு அரசு உலகுக்கு வெளியிட்டது. டாகெருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க் ஓய்வூதியமும், அவருடைய பழைய கூட்டாளியின் மகனான இசிடோர் நியெப்சுக்கு 4,000 பிராங்க் ஓய்வூதியமும் கொடுத்து அரசு அம்முறையை வாங்கியிருந்தது. ஆகவே பிரான்சில் எவரும் கேமரா வாங்கிப் படமெடுக்கத் தடை இருக்கவில்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அந்த அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்னதாகவே டாகெரின் முறைக்கு அங்குக் காப்புரிமை பெறப்பட்டுவிட்டது. 1841இல் ரிச்சர்ட் பியர்டு என்ற தொழில்முனைவர் அந்த உரிமையை வாங்கி, ஊர் வாரியாக உரிமங்களை விற்றார். அதே ஆண்டு வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தமது கலோடைப் முறைக்குக் காப்புரிமை பெற்று, தொழில்முறையில் படமெடுப்பவர்களிடம் உரிமத் தொகை கேட்டார். கேமராவை விலைக்கு வாங்கியிருந்தாலும், அதைத் தொழிலுக்குப் பயன்படுத்த இன்னொருவரின் அனுமதி தேவைப்பட்டது.

எதிர்ப்பு வலுத்ததால் 1852இல் டால்பட் தம் உரிமைகளில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார். தொழில்முறை உருவப்படங்களுக்கான உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். 1854 டிசம்பரில் லாரோஷ் என்ற ஒளிப்படக் கலைஞர் மீது அவர் தொடுத்த வழக்கில், லாரோஷ் காப்புரிமையை மீறவில்லை என்று ஜூரி முடிவு செய்தது. அதன்பின் இங்கிலாந்தில் ஒளிப்படத் தொழில் தடையின்றி வளர்ந்தது.

லூமியேர் முதல் சாமிக்கண்ணு வரை

சலனப்படத்தின் தொடக்கத்திலும் இதே கேள்வி எழுந்தது. லூமியேர் சகோதரர்கள் தங்கள் சினிமாட்டோகிராஃப் கருவியை முதலில் விற்கவில்லை. தங்கள் ஆட்களிடம் கொடுத்து நாடு நாடாக அனுப்பினார்கள். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் நடந்த புகழ்பெற்ற காட்சியும் அவர்கள் அனுப்பிய மாரியஸ் செஸ்டியே நடத்தியதுதான். கருவி நிறுவனத்தின் கையிலேயே இருக்கும்வரை அதன் மறுவிற்பனை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1897இல்தான் லூமியேர் கருவி விற்பனைக்கு வந்தது.

விற்பனை தொடங்கியதும் கருவிகள் கைமாறத் தொடங்கின. தமிழ்நாட்டுத் திரைப்பட வரலாற்றின் முதல் பக்கமே அப்படிப்பட்ட ஒரு கைமாற்றம்தான். தென்னிந்தியாவில் படம் காட்டி வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் உடல்நலம் குன்றிய நிலையில், தம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட்டுக்கு விற்றார். வேலையை விட்ட வின்சென்ட் அந்தப் பழைய கருவியோடு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கையும் கட்டினார். புதுக் கருவி வாங்க வசதியில்லாத ஒருவர் தொழிலுக்குள் நுழையும் வாசலாகப் பழைய கருவிச் சந்தை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. உரிமை மாற்றக் கட்டணம் பற்றிய வாதத்தில் நாம் மறக்கக் கூடாத செய்தி இது.

வாரம் இரண்டு டாலர்

வின்சென்ட் ஊர் சுற்றிய அதே காலத்தில் அமெரிக்காவில் படத்தொழிலை ஒரே பிடிக்குள் கொண்டுவரும் முயற்சி நடந்தது. தாமஸ் எடிசனின் நிறுவனமும் பயோகிராஃப், வைட்டாகிராஃப், பாதே முதலிய நிறுவனங்களும் தங்கள் காப்புரிமைகளைத் திரட்டி, 1908இல் மோஷன் பிக்சர் பேட்டன்ட்ஸ் கம்பெனி என்ற கூட்டமைப்பை உருவாக்கின. கேமரா, புரொஜெக்டர், படச்சுருள் ஆகிய மூன்றும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஈஸ்ட்மன் கோடாக்கும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்தது.

இக்கூட்டமைப்பு திரையரங்கு நடத்துபவர்களிடம் புரொஜெக்டரைப் பயன்படுத்துவதற்காக வாரம் 2 டாலர் உரிமைத் தொகை கேட்டது. சொந்தப் பணத்தில் வாங்கிய கருவிக்கும் இது பொருந்தும். உரிமம் பெற்ற புரொஜெக்டர்களைக் குறைந்தது 150 டாலருக்கு விற்க வேண்டும் என்றும் விதி இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், 75 வாரங்களில், அதாவது ஒன்றரை ஆண்டுக்குள், அந்தக் குறைந்தபட்ச விலையை அரங்கு உரிமையாளர் இரண்டாம் முறை கட்டி முடித்திருப்பார். அதற்குப் பின்னும் கட்டணம் நிற்காது.

கருவியில் பொருத்தப்பட்ட உலோகத் தகடு இன்னும் ஒருபடி மேலே சென்றது. கூட்டமைப்பின் உரிமம் பெற்ற படங்களை மட்டுமே அதில் ஓட்ட வேண்டும், கூட்டமைப்பு பின்னாளில் விதிக்கும் நிபந்தனைகளையும் ஏற்க வேண்டும் என்று அத்தகடு கூறியது. கருவி எவர் கைக்குப் போனாலும் தகடும் கூடவே போகும். இன்றைய மென்பொருள் உரிம ஒப்பந்தத்தின் மூதாதை என்று இந்தத் தகட்டைச் சொன்னால் தவறில்லை.

1917ஆம் ஆண்டுத் தீர்ப்பு

கார்ல் லெம்லே, வில்லியம் ஃபாக்ஸ் போன்ற தனித்துச் செயல்பட்ட தொழில்முனைவோர் இதை எதிர்த்தனர். 1912இல் அமெரிக்க அரசே கூட்டமைப்பின் மீது ஏகபோகத் தடுப்பு வழக்குத் தொடுத்தது. 1915இல் தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் விற்ற கருவியின் மீதான உரிமை பற்றிய அடிப்படைத் தீர்ப்பு வேறொரு வழக்கில் கிடைத்தது.

நியூயார்க்கில் உரிமம் பெற்ற உற்பத்தியாளர் ஒருவர் தயாரித்த புரொஜெக்டரை ஒரு திரையரங்கு நிறுவனம் வாங்கியது. பின்னர் அந்த அரங்கு வேறொரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. புரொஜெக்டரும் அதனுடன் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் யூனிவர்சல் நிறுவனத்தின் படங்களை அதில் ஓட்டினார்கள். தகட்டில் எழுதிய நிபந்தனையை மீறியதாகக் கூட்டமைப்பு வழக்குத் தொடுத்தது. சுருக்கமாகச் சொன்னால், பொருளை முதலில் வாங்காத, இரண்டாம் கையில் பெற்ற ஒருவரை அந்தத் தகடு கட்டுப்படுத்துமா என்பதும் இவ்வழக்கில் அடங்கியிருந்தது.

1917 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி கிளார்க் எழுதினார். நீதிபதி ஹோம்ஸ் உள்ளிட்ட மூவர் உடன்படவில்லை. கருவியை விற்று விலையைப் பெற்றவுடன் அந்தக் கருவியைப் பொறுத்தவரை காப்புரிமையாளரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஒரு தகட்டை ஒட்டி அதை நீட்டிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இக்கொள்கை அதற்கு முன்பே வேறொரு வழக்கில் வேர்விட்டிருந்தது. 1873இல் சவப்பெட்டி மூடி ஒன்றைப் பற்றிய வழக்கில், பாஸ்டன் நகரைச் சுற்றிய 10 மைல் வட்டத்துக்குள் விற்க உரிமம் பெற்றவரிடம் முறையாக வாங்கிய மூடியை அந்த வட்டத்துக்கு வெளியிலும் பயன்படுத்தலாம் என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. முதல் விற்பனையோடு காப்புரிமை தீர்ந்துபோகிறது என்ற இந்தக் கொள்கை உரிமைத் தீர்வுக் கொள்கை என்று அழைக்கப்படுகிறது.

விற்காமலேயே இருப்பது

விற்றால்தானே உரிமை தீரும்? விற்காமல் வாடகைக்கு மட்டும் விட்டால்? சில நிறுவனங்கள் இந்த வழியைத் தேர்ந்தன. 1932இல் வந்த டெக்னிகலரின் மூவண்ணச் சுருள் கேமரா எந்தப் படநிறுவனத்துக்கும் விற்கப்படவில்லை. கேமராவோடு டெக்னிகலரின் ஒளிப்பதிவாளரும், வண்ண ஆலோசகரும் சேர்ந்தே வருவார்கள். அக்காலப் படங்கள் பலவற்றில் வண்ண ஆலோசகராக நடாலி கால்மஸின் பெயரைக் காண்பது இதனால்தான். 1972இல் அறிமுகமான பானாஃபிளெக்ஸ் கேமராவையும் பானாவிஷன் வாடகைக்கு மட்டுமே கொடுத்தது.

வாடகை முறை நேர்மையானது. கருவி யாருடையது என்பதில் அங்குக் குழப்பமில்லை. ஆனால் ஒரு தொழில் முழுவதையும் ஒரு நிறுவனம் குத்தகைக்குள் அடைத்துவைக்கும்போது போட்டி மடிகிறது. கணினித் துறையில் ஐபிஎம் தன் இயந்திரங்களை விற்காமல் குத்தகைக்கு மட்டுமே விட்டுவந்தது. 1956இல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அது இயந்திரங்களை விற்கவும், வாங்கியவர்களுக்கும் மற்றப் பழுதுநீக்குவோருக்கும் உதிரிபாகங்கள் தரவும் நேர்ந்தது. பழைய இயந்திரங்களுக்கான சந்தை உருவாக அது வழிவகுத்தது.

இயந்திரக் கேமராவின் காலம்

லைக்கா எம்3 (1954), ஹாசல்பிளாட் 500சி (1957), நிக்கான் எஃப் (1959) போன்ற கேமராக்கள் முழுக்க இயந்திர விசையால் இயங்கியவை. அவற்றுக்கு மின்கலம்கூடத் தேவையில்லை. ஊரிலுள்ள திறமையான பழுதுநீக்குநர் அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டிவிடுவார். உற்பத்தியாளரின் தயவு இல்லாமலே இவை தலைமுறை தாண்டிக் கைமாறின. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன கேமராக்கள் இன்றும் நல்ல விலைக்கு விற்பனையாவதற்கு அவற்றின் உறுதி ஒரு காரணம். யாரிடமும் அனுமதி கேட்காமல் இயங்குவது இன்னொரு காரணம்.

உதிரிபாகமும் பழுதுநீக்கமும்

மின்னணுப் பாகங்கள் பெருகியபோது பிடியின் இடம் உதிரிபாகங்களுக்கு மாறியது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1980களில் தன் நகலெடுக்கும் இயந்திரங்களுக்கும் நுண்படக் கருவிகளுக்குமான பாகங்களைத் தனிப் பழுதுநீக்கு நிறுவனங்களுக்குத் தர மறுத்தது. அவை 1987இல் வழக்குத் தொடுத்தன. இயந்திரச் சந்தையில் போட்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் உதிரிபாகச் சந்தையில் ஏகபோகம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறி, வழக்கு விசாரணைக்குச் செல்ல வழிவிட்டது. 1995இல் ஜூரி கோடாக்குக்கு எதிராக முடிவு செய்தது. ஒரு கருவியை வாங்கியவர் அதில் பெரும் பணத்தைப் போட்டுவிட்டதால் எளிதில் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது என்ற உண்மை இவ்வழக்கில் முக்கிய இடம் பெற்றது.

2001இல் ஃபூஜியின் ஒருமுறைப் பயன்பாட்டுக் கேமரா பற்றிய வழக்கு ஒன்று தீர்ப்பானது. பயன்படுத்தி எறிந்த கேமராக்களைச் சேகரித்து, புதுச் சுருள் இட்டு ஜாஸ் போட்டோ என்ற நிறுவனம் விற்றுவந்தது. அமெரிக்காவில் முதலில் விற்கப்பட்ட கேமராக்களைப் பொறுத்தவரை, இது புதிதாகச் செய்தல் அன்று, பழுதுநீக்கமே. ஆகவே அனுமதிக்கத்தக்கது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்துக என்று உறையில் அச்சிட்டிருந்ததுகூட வாங்கியவரின் உரிமையைப் பறிக்கவில்லை.

மென்பொருள் புகுந்த பின்

எண்ணிமக் கேமரா உண்மையில் கண்ணாடிவில்லை பொருத்திய கணினி. 2007இல் ரெட் ஒன் கேமரா 17,500 டாலருக்கு வந்தது. 2010இல் ஆரி அலெக்சா வந்தது. இத்தலைமுறைக் கருவிகளில் சில வசதிகள் பூட்டப்பட்ட நிலையிலேயே வருகின்றன. பணம் கட்டி உரிமச் சாவியைப் பெற்றால் பூட்டுத் திறக்கும். ஆரி நிறுவனத்தின் அலெக்சா மினியில் இத்தகைய கட்டண உரிமங்கள் உண்டு. சோனியின் எஃப்எஸ்5 கேமராவில் மூல வடிவப் பதிவுக்குத் தனிக் கட்டணம் இருந்தது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. உரிமச் சாவி கருவியின் வரிசை எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தால், கேமராவை விற்கும்போது வசதியும் கூடவே போய்விடும். கருவியோடு அல்லாமல் வாங்கியவரின் பெயரோடு பிணைக்கப்பட்டிருந்தால் கருவி மட்டும் கைமாறும். வசதி பழையவரிடமே தங்கிவிடும். இரண்டாவது வகையில்தான் உரிமை மாற்றக் கட்டணம் நுழைய இடம் கிடைக்கிறது.

சட்டம் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஆட்டோடெஸ்க் மென்பொருளின் பழைய வட்டுகளை மறுவிற்பனை செய்த ஒருவரின் வழக்கில், மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமமாகவே தரப்பட்டது என்று 2010இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியது. 2012இல் ஆரக்கிள் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் நேர்மாறாக, காலவரையறையின்றி விலைக்குத் தந்த மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்றது. 2017இல் லெக்ஸ்மார்க் அச்சு மைப்பெட்டி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917இன் கொள்கையை மேலும் உறுதிசெய்தது. விற்பவர் எத்தகைய நிபந்தனை விதித்திருந்தாலும், பொருள் எந்த நாட்டில் விற்கப்பட்டிருந்தாலும், விற்பனையோடு காப்புரிமை தீர்ந்துவிடுகிறது.

ஆக, காப்புரிமையைக் காட்டி இரண்டாம் உரிமையாளரிடம் இனிப் பணம் கேட்க முடியாது. ஆனால் சேவை தருவதும் மறுப்பதும் பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம். சட்டம் ஒரு கதவை அடைத்தது. கட்டணம் வேறு கதவு வழியாக வந்தது.

கட்டணத்தை யார் சுமக்கிறார்?

நிறுவனங்கள் தரப்பில் நியாயங்கள் உண்டு. உத்தரவாதத்தின் விலை முதல் உரிமையாளரின் பயன்பாட்டை எண்ணிக் கணக்கிடப்பட்டது. பழைய கருவியைப் பரிசோதித்து அளவுசரி செய்யாமல் அதற்குப் பொறுப்பேற்க இயலாது, பரிசோதனைக்குச் செலவாகும். உரிமையாளர் பதிவு இருந்தால் திருட்டுக் கருவியை அடையாளம் காண்பதும் எளிது. உண்மையான வேலைக்கு உண்மையான செலவைக் கேட்பதில் யாரும் குறை காண மாட்டார்கள்.

பெயரை மாற்றுவதற்கு மட்டும் பெருந்தொகை கேட்கும்போதுதான் சிக்கல். ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். பழைய கேமரா ஒன்றின் சந்தை மதிப்பு 3,00,000 ரூபாய் என்றும், உரிமை மாற்றக் கட்டணம் 30,000 ரூபாய் என்றும் கொள்வோம். வாங்குபவர் இந்தச் செலவை முன்கூட்டியே அறிந்திருந்தால் 2,70,000 ரூபாய்க்கு மேல் தர மாட்டார். கட்டணத்தைக் கட்டுவது புதியவர். அதன் சுமை பெரும்பாலும் விழுவது விற்பவர் தலையில். ஏற்கெனவே முழு விலை கொடுத்தவரிடமிருந்து, அவர் கருவியை விட்டுப் பிரியும்போதும் ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. வாங்குபவருக்கு இச்செலவு முன்பே தெரியாவிட்டால், சுமை முழுவதும் அவர்மேல் விழும்.

பழைய கருவி புதிய கருவிக்குப் போட்டி என்பதும் இங்குக் கவனிக்கத்தக்கது. நீடித்து உழைக்கும் பொருளை விற்கும் நிறுவனம், தான் முன்பு விற்ற பொருளோடு தானே போட்டியிட நேர்கிறது. பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் நீடித்த பொருள்களின் ஏகபோகம் பற்றி 1972இல் எழுதிய கட்டுரை இவ்வகைச் சிக்கலை ஆராய்ந்தது. குத்தகையும், மறுவிற்பனையைக் கடினமாக்கும் கட்டணமும் இந்தப் போட்டியிலிருந்து தப்பும் வழிகளாகவும் அமைகின்றன.

இன்றைய நிலை

பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டங்கள் அண்மைக் காலத்தில் வரத் தொடங்கியுள்ளன. பிரான்ஸ் 2021இல் சில மின்னணுப் பொருள்களுக்குப் பழுதுநீக்கத் தரக்குறியீட்டைக் கட்டாயமாக்கியது. நியூயார்க் மாநிலத்தின் எண்ணிமப் பழுதுநீக்கச் சட்டம் 2023 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுநீக்கம் குறித்த நெறிமுறையை நிறைவேற்றியது. இவை பெரும்பாலும் வீட்டு உபயோகப் பொருள்களை எண்ணி இயற்றப்பட்டவை. தொழில்முறைக் கருவி வாங்குபவர் இன்னமும் ஒப்பந்தத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே பழைய தொழில்முறைக் கேமரா வாங்க எண்ணுபவர் கருவியின் தோற்றத்தோடு நான்கு செய்திகளையும் பார்ப்பது நல்லது: வரிசை எண் யார் பெயரில் பதிவாகியுள்ளது, உரிமச் சாவிகள் கருவியோடு வருமா, உத்தரவாதம் மாறுமா, மாற்றக் கட்டணம் எவ்வளவு. இவற்றை விலை பேசும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். விற்பவரும் முதலில் கருவி வாங்கும் நாளிலேயே இந்த விதிகளைப் படித்திருந்தால், பின்னாளில் தமக்குக் கிடைக்கப்போகும் விலையை ஓரளவு கணித்திருப்பார்.

திருச்சியில் 1905இல் ஒரு பழைய புரொஜெக்டர் கைமாறியபோது இருவர் மட்டுமே பேசி முடித்தார்கள். இன்று அதே பேச்சில் மூன்றாவதாக உற்பத்தியாளரும் உட்கார்ந்திருக்கிறார். அவர் அங்கே உண்மையில் ஒரு வேலையைச் செய்து அதற்குக் கூலி கேட்கிறாரா, அல்லது 1908இன் தகட்டைப் போல வெறுமனே வாரம் இரண்டு டாலர் கேட்கிறாரா என்று பிரித்துப் பார்ப்பதே இவ்வரலாற்றைப் படிப்பதன் பயன்.